உயிரியலில் 31 கேள்விகளை வாசிக்கவே இல்லை

கேள்வி:

வணக்கம் சார். நான் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவள். ப்ளஸ் டூவில் 600க்கு 548 வாங்கினேன். 2025 மே 4ஆம் தேதி நீட் எழுதினேன். தாளில் முதலில் இருந்தது இயற்பியல் என்பதால் அதிலேயே ஆரம்பித்தேன். ரொம்பக் கஷ்டமாக இருந்தது. 38 கேள்விகள் போட்டு நிமிர்ந்தபோது மணி 3.20. வேதியியல் முடிக்க 4.20 ஆகிவிட்டது. உயிரியலை அவசர அவசரமாகப் போட்டேன். 4.40க்குப் பயம் வந்து ஓ.எம்.ஆர். விடைத்தாளில் வட்டங்களை ஷேடு பண்ண உட்கார்ந்துவிட்டேன். உயிரியலில் 31 கேள்விகளை வாசிக்கவே இல்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் அதில் 24 எனக்குத் தெரிந்தவை. இயற்பியலில் போட்ட 38இல் 19தான் சரி. பள்ளித் தேர்வில் எனக்கு ஒருநாளும் நேரம் பத்தாமல் போனதில்லை. இந்த வருஷம் மறுபடி எழுதுகிறேன். அப்பா இதுதான் கடைசி என்கிறார். வேகமாகப் போட என்ன பயிற்சி எடுக்க வேண்டும்? 2023இல் எழுதிய பெரியப்பா மகள், 'எல்லாவற்றையும் போட வேண்டாம், சாய்ஸ் இருக்கிறது' என்று சொல்லியிருந்தாள். அப்படி எதுவும் தாளில் இல்லையே?

— பெயர் வேண்டாம், தென்காசி மாவட்டம்

பதில்:

அன்புள்ள மகளுக்கு,

முதலில் அக்காவின் கணக்கைத் தீர்த்துவிடுவோம். அவள் பொய் சொல்லவில்லை. 2021 முதல் 2024 வரை நீட் தாளில் 200 கேள்விகள் இருந்தன. ஒவ்வொரு பாடத்திலும் 'ஆ' பகுதியில் 15 கேள்விகள், அதில் 10 போட்டால் போதும். ஆக மொத்தம் 180 எழுதினால் போதும். 2022 முதல் அதற்கு 200 நிமிடம் கொடுத்தார்கள். 2025இல் அந்தச் சாய்ஸும் போச்சு, கூடுதலாகக் கிடைத்த 20 நிமிடமும் போச்சு. 180 கேள்வி, 180 நிமிடம், 720 மதிப்பெண். இனி யாராவது 'எங்க காலத்துல இப்படித்தான் எழுதினோம்' என்று சொன்னால், எந்த வருஷம் என்று கேட்டுவிட்டு மேலே பேசு. அந்தந்த ஆண்டுக்கான தகவல் கையேட்டைத் தேசியத் தேர்வு முகமை இணையத்தில் போடும். அதை நீயே ஒரு தடவை முழுசாக வாசித்துவிடு.

இப்போது உன் கணக்கு. இயற்பியலில் 19 சரி, 19 தப்பு. சரிக்கு நாலு, தப்புக்கு ஒன்று கழிவு. அதாவது 76இல் 19 போக 57. இந்த 57 மதிப்பெண்ணுக்கு நீ கொடுத்த விலை 80 நிமிடம். உயிரியலில் வாசிக்காமல் விட்ட, உனக்குத் தெரிந்த 24 கேள்விகளின் மதிப்பு 96. அந்த 31ஐயும் வாசித்துப் பார்க்க, ஒன்றுக்கு அரை நிமிடம் வைத்தால்கூட, கால் மணி நேரம் போதும். ஒரு தாளில் பென்சிலால் இதை எழுதிப் பார். உன் கை மெதுவான கை இல்லை என்பது தெரிந்துவிடும். 4.20லிருந்து 4.40க்குள் 59 உயிரியல் கேள்விகள் போட்டிருக்கிறாய். ஒன்றுக்கு 20 விநாடி. இதைவிட வேகம் யாருக்கு வேண்டும்?

நேரம் எங்கே போனது என்றால், இயற்பியலில் வராத கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததில் போனது. அந்தப் பழக்கத்தை உனக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் என்னைப் போன்ற ஆசிரியர்கள்தான்.

ப்ளஸ் டூ இயற்பியல் தாளை நினைத்துப் பார். 70 மதிப்பெண், மூன்று மணி நேரம், அதற்கு முன்னால் தாளை வாசிக்க 10 நிமிடம். ஒரு மதிப்பெண் கேள்வி இருக்கும், ஐந்து மதிப்பெண் கேள்வியும் இருக்கும். பெரிய கேள்விக்கு அதிக நேரம் கொடுப்பது நியாயம். தருவித்தலில் பாதியில் சிக்கிக்கொண்டாலும் படம் வரைந்ததற்கும் சமன்பாடு எழுதியதற்கும் திருத்துபவர் மார்க் போடுவார். அதனால்தான் 'தெரிஞ்ச வரைக்கும் எழுதும்மா, சும்மா விட்டுட்டு வந்துடாதே' என்று வகுப்பில் தினமும் சொல்கிறோம். அங்கே அது சரியான அறிவுரை. அதைக் கேட்டுத்தான் நீ 548 வாங்கினாய்.

நீட்டில் எல்லாக் கேள்விக்கும் நாலு மார்க்தான். மூன்று நிமிடம் கணக்குப் போட்டு வரும் விடைக்கும் நாலு. செல்லின் ஆற்றல் நிலையம் எது என்று கேட்டால் மைட்டோகாண்ட்ரியா என்று மூன்று விநாடியில் போடுவதற்கும் நாலு. பாதி வரை சரியாகப் போட்டதற்கு எதுவும் கிடையாது. பாதியில் தடுமாறித் தப்பாக ஷேடு செய்தால் ஒன்று போகும். அங்கே பிடிவாதத்துக்குப் பரிசு, இங்கே அதே பிடிவாதத்துக்கு அபராதம்.

நானும் இதை லேசில் கற்கவில்லை. தமிழ்நாட்டுப் பிள்ளைகள் நீட்டுக்குப் போக ஆரம்பித்த 2017இல், 'கஷ்டமானதை முதல்ல முடிச்சிடுங்கடா, மூளை ஃப்ரெஷ்ஷா இருக்கும்' என்று சொல்லி அனுப்பியவன் நான். இயற்பியல் வாத்தியார் இல்லையா, என் பாடத்துக்குத்தான் முதல் மரியாதை! உயிரியலில் கெட்டிக்காரனான ஒரு பையன் அதை அப்படியே கேட்டு, உன்னைப் போலவே கடைசிப் பக்கங்களைத் தொடாமல் வந்தான். இப்போது ஊரில் நாற்றங்கால் வைத்து நன்றாக இருக்கிறான். பார்க்கும்போதெல்லாம் 'சார், மூளை ஃப்ரெஷ்ஷா இருக்கா?' என்று கேட்டுச் சிரிக்கிறான். எனக்குத்தான் சிரிப்பு வருவதில்லை.

சரி, செய்ய வேண்டியதற்கு வருவோம்.

தாள் எந்த வரிசையில் அச்சாகியிருந்தாலும் அதே வரிசையில் போட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. நீ உயிரியலில் தொடங்கு. 90 கேள்வி, 360 மதிப்பெண். 2.00 மணிக்கு ஆரம்பித்து 2.50க்குள் ஷேடு உள்பட முடிக்க வேண்டும். வேதியியல் 3.40 வரை. இயற்பியல் 4.45 வரை. மிச்சமிருக்கும் 15 நிமிடம், விட்டுவந்த கேள்விகளுக்குத் திரும்பிப் போக. இது என் கணக்கு. வேதியியலில் தொடங்கினால்தான் எனக்கு ஓடுகிறது என்று சொல்லும் பிள்ளைகளும் உண்டு. மாதிரித் தேர்வில் இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்து மதிப்பெண்ணை ஒப்பிடு. ஆனால் ஏப்ரல் பிறந்த பிறகு வரிசையை மாற்றாதே.

ஒரு எச்சரிக்கை. தாளில் உயிரியல் 91ஆம் எண்ணில் தொடங்கினால், நீ முதலில் ஷேடு செய்ய வேண்டிய வட்டமும் 91ஆம் எண்ணுக்குரியது. பதற்றத்தில் 1ஆம் எண்ணில் வைத்தால் தீர்ந்தது. அங்கே பென்சில், ரப்பர் கிடையாது. கறுப்புப் பந்துமுனைப் பேனாதான், அதையும் அவர்களே தருகிறார்கள். கறுத்த வட்டத்தை மாற்ற முடியாது. ஒவ்வொரு பத்துக் கேள்விக்கும் ஒருமுறை எண்ணை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொள்.

ஷேடு செய்வதைக் கடைசிக்கு வைத்தாய் பார், அது இரண்டாவது ஓட்டை. ஒரு வட்டத்தைத் தேடிப் பிடித்துக் கறுக்க ஐந்து விநாடி என்று வை. 180 வட்டத்துக்கு 900 விநாடி, அதாவது 15 நிமிடம். அப்படியானால் ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம் என்று எல்லோரும் சொல்வதே கணக்கில் பிசகு. யோசிக்கக் கிடைப்பது 55 விநாடிதான். ஒவ்வொரு கேள்விக்கும் தாளிலிருந்து ஓ.எம்.ஆருக்குக் கண்ணைத் திருப்பினால் ஓட்டம் கெடும். எல்லாவற்றையும் கடைசிக்கு வைத்தால் உனக்கு நடந்தது நடக்கும். பக்கத்துக்குப் பக்கம் செய். தாளில் விடையைச் சுழித்துக்கொண்டே போ, பக்கம் திருப்புவதற்கு முன் அந்தப் பக்கத்தை மட்டும் ஷேடு செய். ஓ.எம்.ஆர். மாதிரி ஒன்றைக் கடையில் ஜெராக்ஸ் எடுத்து, இனி வீட்டில் எழுதும் ஒவ்வொரு தேர்வையும் அதில்தான் எழுத வேண்டும். நோட்டில் ஏ, பி, சி, டி என்று எழுதிப் பழகிவிட்டு மூன்று மணி நேரத்தில் முடிப்பதாகச் சொல்பவர்கள், அந்தக் கால் மணி நேரத்தைத் தங்களுக்குத் தாங்களே இனாமாகக் கொடுத்துக்கொள்கிறார்கள்.

இனி, விடுவது. இதைத்தான் நீ உட்கார்ந்து பழக வேண்டும். கேள்வியை வாசித்து முடித்ததும், பேனா எடுக்கும் முன், மூன்றில் எது என்று முடிவு செய். வழி தெரிகிறது, சீக்கிரம் முடியும் என்றால் உடனே போடு. வழி தெரிகிறது ஆனால் இழுக்கும் என்றால் கேள்வி எண்ணைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிட்டு நகர். தலையும் புரியவில்லை காலும் புரியவில்லை என்றால் ஒரு பெருக்கல் குறி. இதற்குப் பத்துப் பதினைந்து விநாடிக்கு மேல் ஆகக் கூடாது. இரண்டாம் சுற்றில் வட்டம் போட்டவற்றை எடு. பெருக்கல் குறிக்காரர்களை நேரம் மிஞ்சினால் பார்க்கலாம்.

ஒரு உதாரணம். ஒரு கம்பியை நீட்டி நீளத்தை இரண்டு மடங்காக்கினால் அதன் மின்தடை எவ்வளவாகும்? பருமன் மாறாது, நீளம் இரண்டு மடங்கானால் குறுக்குப் பரப்பு பாதியாகும், ஆக மின்தடை நாலு மடங்கு. பத்து விநாடி. அடுத்த கேள்வி: 400 நானோமீட்டர் அலைநீள ஒளியின் ஃபோட்டான் ஆற்றல் எத்தனை எலக்ட்ரான் வோல்ட்? நீ பிளாங்க் மாறிலி 6.63ஐ எழுதி, அதை 3ஆல் பெருக்கி, பத்தின் அடுக்குகளைக் கூட்டிக் கழித்து, 1.6ஆல் வகுத்து... இரண்டு நிமிடம் போய்விடும். 1240ஐ நானோமீட்டரில் உள்ள அலைநீளத்தால் வகுத்தால் போதும் என்று தெரிந்த பெண் 1240/400 = 3.1 என்று போட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போயிருப்பாள். இதுபோன்ற குறுக்கு எண்கள் ஓர் இருபது முப்பது இருக்கும். நோட்டின் பின்னட்டையில் எழுதி வை. ஆப்ஷன்கள் ஒன்றுக்கொன்று தள்ளியிருந்தால் ஈர்ப்பு முடுக்கத்தை 10 என்றும், பையின் வர்க்கத்தையும் 10 என்றும் வைத்துக்கொள். வர வேண்டியது திசைவேகம் என்றால், திசைவேகத்தின் பரிமாணம் இல்லாத ஆப்ஷனைக் கணக்குப் போடாமலே அடித்துவிடலாம்.

உயிரியலில் நேரத்தைத் தின்பது பொருத்துக வகையும் கூற்றுகள் வகையும். நாலு ஜோடியையும் சரிபார்க்க உட்காராதே. உனக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒரு ஜோடியைப் பிடி, அது இல்லாத ஆப்ஷன்களை அடி. பெரும்பாலும் இரண்டு மிஞ்சும். அப்புறம் இன்னொரு ஜோடி. அவ்வளவுதான்.

தமிழ்த் தாள் எடுத்தவள் என்பதால் உனக்குக் கூடுதலாக ஒரு செலவு இருக்கிறது. தமிழைத் தேர்ந்தெடுத்தால் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்த தாள் கிடைக்கும், இரண்டுக்கும் முரண் வந்தால் ஆங்கிலமே இறுதி. இந்த விதியைக் கேட்டுப் பயந்து எங்கள் பிள்ளைகள் ஒவ்வொரு கேள்வியையும் இரண்டு மொழியிலும் வாசிக்கிறார்கள். பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2018இல் தமிழ்த் தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை என்று வழக்கு நடந்தது. கேள்விக்கு 4 வீதம் 196 மதிப்பெண் கொடுக்கச் சொன்னது உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. ஆகவே சந்தேகம் வந்தால் ஆங்கிலத்தைப் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் சந்தேகம் வந்தால் மட்டும். தமிழில் வாசிக்கும்போது ஒரு சொல் இடறினாலோ, போட்ட விடை நாலு ஆப்ஷனிலும் இல்லாவிட்டாலோ ஆங்கிலப் பக்கம் போ. மற்ற நேரம் வேண்டாம். இதற்கு முன்தயாரிப்பாக, பழைய தாள்களை வைத்துக்கொண்டு நிலைமத் திருப்புத்திறன், தன் மின்தூண்டல் எண், காந்தப் பாய்வு போன்ற சொற்களுக்கு எதிரே ஆங்கிலச் சொல்லை எழுதிக்கொள். ஒரு நாளைக்கு ஐந்து சொல் போதும்.

நெகட்டிவ் மார்க் பற்றி நீ கேட்கவில்லை, ஆனால் 19 தப்பு போட்டிருக்கிறாய் என்பதால் சொல்கிறேன். 'தெரியாததைத் தொடவே தொடாதே' என்று சொல்வது கணக்குப்படி சரியல்ல. நாலு ஆப்ஷனில் இரண்டை உறுதியாக அடித்துவிட்டால், மிச்சம் இரண்டில் ஒன்றைக் குத்துவதில் சராசரியாக ஒன்றரை மதிப்பெண் லாபம். ஒன்றை மட்டும் அடித்திருந்தால் முக்கால் மதிப்பெண்ணுக்குச் சற்றுக் குறைவு. ஒன்றுமே தெரியாமல் கண்ணை மூடிக் குத்தினாலும் சராசரி கால் மதிப்பெண் லாபம்தான், நஷ்டம் இல்லை. ஆனால் அந்தக் கால் மதிப்பெண் பல நூறு கேள்விகளின் சராசரி. பத்துக் கேள்வியில் உனக்குப் பத்தும் தப்பாகலாம். என் வழக்கம்: இரண்டு அடிபட்டால் குத்து, யோசிக்காதே. ஒன்றும் அடிபடாவிட்டால் விடு. உன் 19 தப்பில் எத்தனை குத்தியது, எத்தனை இரண்டு மூன்று நிமிடம் போராடிப் போட்டும் தப்பானது என்று பிரித்துப் பார். போராடித் தப்பானதுதான் உன்னை இழுத்திருக்கும் என்று நினைக்கிறேன். நேரமும் போய், ஒரு மார்க்கும் போய்.

இயற்பியலில் ஏழெட்டுக் கேள்வியைத் தொடாமல் வந்தால் மனசு குத்தும். குத்தட்டும். 2025இல் இந்தியாவிலேயே முதலிடம் பிடித்தவரின் மதிப்பெண் 686. அவரும் 34 மதிப்பெண்ணை விட்டுத்தான் வந்திருக்கிறார்.

பயிற்சி எப்படி என்று கேட்டாய். வாரத்தில் ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை, மதியம் 2 முதல் 5 வரை. வேறு நேரம் வேண்டாம். காலை ஆறு மணிக்கு மொட்டை மாடியில் குளிர்ந்த காற்றில் உட்கார்ந்து எழுதுவது வேறு. கத்திரி வெயில் தொடங்கும் வாரத்தில், சாப்பிட்ட மயக்கத்தில், மின்விசிறி சுற்றுவதாகப் பேர் பண்ணும் அறையில் எழுதுவது வேறு. தேர்வன்று மதியம் 1.30க்கு வாசலை அடைத்துவிடுவார்கள். அதற்கு வெகு முன்பே வரிசையில் நிற்க வேண்டியிருக்கும் என்பதால் பதினோரு மணிக்கே சாப்பிட்டிருப்பாய். ஞாயிற்றுக்கிழமையும் அப்படியே சாப்பிடு. நாலு மணிக்குப் பசி வருகிறதா, தலை சுற்றுகிறதா என்று இப்போதே தெரிந்துகொள்ளலாம். கைக்கடிகாரத்தைக் கழற்றி வை. அங்கே அனுமதி இல்லை, அறையில் இருக்கும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துப் பழக வேண்டும். அதையும் கேள்விக்குக் கேள்வி பார்க்காதே. 2.50, 3.40, 4.45 என்ற மூன்று நேரத்தையும் தாளின் முதல் பக்க ஓரத்தில் எழுதிவிட்டு, பக்கம் திருப்பும்போது மட்டும் நிமிர்ந்து பார். 3.40 ஆனதும், வேதியியலில் ஆறு கேள்வி மிச்சம் என்றாலும், இயற்பியலுக்குப் போய்விட வேண்டும். முதல் இரண்டு வாரம் கை வராது.

தேர்வு முடிந்ததும் மார்க் போட்டுவிட்டுத் தாளைத் தூக்கிப் போட்டுவிடாதே. தப்பான, விட்ட ஒவ்வொரு கேள்வியின் ஓரத்திலும் ஒரு சொல் எழுது: 'தெரியாது', 'கவனப்பிசகு', 'நேரம்'. 'தெரியாது' என்று எழுதியவை படிக்க வேண்டியவை. 'நேரம்' என்று எழுதியவற்றை எடுத்து, எந்தக் கேள்வியில் சிக்கியதால் இங்கே வர முடியாமல் போனது என்று பின்னால் போய்த் தேடு. அநேகமாக இயற்பியலில் இரண்டு மூன்று கேள்விகள்தான் அகப்படும். அவற்றில் எந்த வரியில் 'இன்னும் கொஞ்சம்தான், வந்துடும்' என்று நினைத்தாய் என்பது கேள்வித்தாளில் நீ போட்ட ரஃப் கணக்கிலேயே தெரியும். வெறும் தாள் தரமாட்டார்கள் என்பதால் வீட்டிலும் ரஃப் கணக்கைக் கேள்வித்தாளிலேயே போட்டுப் பழகு.

அப்பாவிடம் அந்த 57, 96 கணக்கைக் காட்டு. அவர் கடைசி என்று சொல்வது மகள் படிக்கவில்லை என்று நினைத்தா, வீட்டுச் செலவை நினைத்தா என்று எனக்குத் தெரியாது. எதுவானாலும் நீ விட்ட 96 மதிப்பெண், அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சின்னத் தொகை இல்லை. அது அவருக்குத் தெரிய வேண்டும்.

நாலு ஞாயிறு எழுதிய பிறகு, மார்க் வேண்டாம், ஒவ்வொரு தேர்விலும் எத்தனை கேள்விக்கு வட்டம் போட்டாய், எத்தனைக்குப் பெருக்கல் குறி போட்டாய் என்று மட்டும் எனக்கு எழுதி அனுப்பு. பெருக்கல் குறியே இல்லாத தாள் வந்தால் திட்டுவேன்.